இலவச இன்டி பிசிக்ஸ் கேம்களைத் தேடிப் பிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிசிக்ஸ் கேம் என்று எதைச் சொல்கிறீர்கள்? எல்லா கேமிலும்தான் குதித்தால் கீழே விழுகிறோமே?

விழுகிறோம்தான், ஆனால் பெரும்பாலான கேம்களில் அது முன்கூட்டியே எழுதி வைத்த விழுகை. குதித்தால் இவ்வளவு உயரம், இவ்வளவு நேரத்தில் தரை, நூறு முறை குதித்தாலும் அதேதான். இங்கே நான் பேசுவது வேறு ரகம், அதிலும் பெரும்பாலும் இன்டி, அதாவது பெரிய நிறுவனம் இல்லாமல் தனி ஆளோ சின்னக் குழுவோ செய்தவை: எடை, வேகம், உராய்வு, மோதல் எல்லாவற்றையும் கேம் நொடிக்குப் பல முறை கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும், அந்தக் கணக்கில் என்ன வருகிறதோ அதுதான் ஆட்டம். அந்தக் கணக்கை உருவிவிட்டால் கேம் மிஞ்சுமா என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றும் மிஞ்சாது என்றால் அது பிசிக்ஸ் கேம்.

இது ஏதோ புது மோஸ்தர் இல்லை. 1958இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்போதம் ஒரு அனலாக் கணினியையும் ஆஸிலோஸ்கோப்பையும் (மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி) வைத்துச் செய்த 'டென்னிஸ் ஃபார் டூ'வே பந்தின் பாதையைக் கணக்கிட்டுக் காட்டிய கேம்தான். 1962இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் வந்த 'ஸ்பேஸ்வார்!' கேமில் நடுவில் ஒரு நட்சத்திரம் இருக்கும், அதன் ஈர்ப்பில் சிக்காமல் இரண்டு கப்பல்கள் சண்டை போட வேண்டும். 1969இல் ஜிம் ஸ்டோரர் என்ற பள்ளி மாணவர் எழுதிய நிலா இறங்கு கேமில் படமே கிடையாது, எவ்வளவு எரிபொருள் எரிக்க வேண்டும் என்று எண்ணைத் தட்ட வேண்டியதுதான். இவை எதுவும் விற்பனைக்காகச் செய்தவை அல்ல. ஆக, இலவசம் என்பது இந்த வகை கேம்களுக்குப் பிறப்பிலேயே வந்தது.

'இலவசம்' என்று போட்டிருப்பது எல்லாம் நிஜமாகவே இலவசமா?

இல்லை. அந்த ஒரு சொல்லுக்குள் ஐந்தாறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன, தேட ஆரம்பிக்கும் முன் இதைத் தெரிந்துகொண்டால் பாதி எரிச்சல் குறையும்.

செய்தவரே முழு கேமையும் சும்மா கொடுத்துவிடுவது ஒன்று. சோர்ஸ் கோடையும், அதாவது கேமை எழுதிய நிரலையும், யாரும் பார்க்கும்படி சேர்த்துத் திறந்துவிடுவது (ஓப்பன் சோர்ஸ்) இன்னொன்று. 'விருப்பப்பட்டதைக் கொடு' வகை மூன்றாவது: இட்ச்.ஐஓ என்ற இன்டி கேம் தளத்தில் இதுதான் அதிகம், டவுன்லோட் பட்டனை அழுத்தினால் பணம் கேட்கும் பெட்டி வரும், பயந்து திரும்பிவிடாதீர்கள், அதில் 'வேண்டாம், நேரே டவுன்லோடுக்குப் போகிறேன்' என்ற பொருளில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அப்புறம் டெமோ, அதாவது விற்கிற கேமின் முதல் சில கட்டங்கள் மட்டும். கடைசியாக, கேம் இலவசம் ஆனால் உள்ளே கடை. இந்தக் கடைசி வகையில் சில நல்ல கேம்களும் உண்டு, ஆனால் நான் தேடும்போது அதை ஒதுக்கித்தான் வைப்பேன், ஏனென்றால் கடை வைத்த கேம் உங்களைத் தடுமாற வைப்பதற்கே ஒரு காரணம் வைத்திருக்கும்.

கோட் இலவசம், படங்கள் இலவசமில்லை என்கிற குழப்பமும் உண்டு. 2004இல் வந்த 'கிஷ்' நல்ல உதாரணம். தார் உருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டும் வழுக்கிக்கொண்டும் போகும் அருமையான கேம், 2010இல் அதன் சோர்ஸ் கோடைத் திறந்துவிட்டார்கள், ஆனால் படம், இசை, கட்டங்கள் எல்லாம் அதில் சேரவில்லை. கோடை எடுத்துப் படிக்கலாம், கேமாக விளையாட வேண்டுமென்றால் வாங்க வேண்டும். 'ஓப்பன் சோர்ஸ்' என்று பார்த்தவுடன் குதிக்காமல் இதைக் கவனியுங்கள்.

சரி, எங்கே தேடுவது?

தேடுபொறியில் 'சிறந்த இலவச பிசிக்ஸ் கேம்கள்' என்று அடித்தால் வருவது பெரும்பாலும் குப்பை. ஒரே பட்டியலை ஆளுக்கொரு விதமாகத் திருப்பி எழுதியிருப்பார்கள், அல்லது விளம்பரம் நிரம்பிய ப்ரவுசர் கேம் தளங்கள் வரும், அங்கே உள்ள கேம்களில் பாதி வேறு யாரோ செய்ததைப் பெயரில்லாமல் ஏற்றியவை.

இட்ச்.ஐஓதான் முதல் வாசல். லீஃப் கார்கோரன் 2013இல் தொடங்கிய தளம், யார் வேண்டுமானாலும் கேம் ஏற்றலாம், யாரும் தடுப்பதில்லை, அதுவே அதன் பலமும் பலவீனமும். அங்கே 'பிசிக்ஸ்' என்ற டேக் இருக்கிறது, கூடவே 'இலவசம்' வடிகட்டியைப் போடுங்கள், 'வெப்' என்பதையும் சேர்த்தால் டவுன்லோட் கூட வேண்டாம். ஆனால் 'பிரபலம்' வரிசையிலேயே நின்றுவிடாதீர்கள். அது மாதக்கணக்கில் அதே முகங்களைத்தான் காட்டும். 'அதிக மதிப்பெண்' வரிசைக்கு மாறுங்கள், அப்புறம் 'புதியது' வரிசையில் கொஞ்சம் மண்ணைக் கிளறுங்கள். பிசிக்ஸ் என்ற டேக் போடாத பிசிக்ஸ் கேம்கள் ஏராளம் என்பதால் ராக்டால் (துவண்டு விழும் பொம்மை உடல்), சாண்ட்பாக்ஸ் (இலக்கில்லாமல் நோண்டும் களம்), சிமுலேஷன் போன்ற பக்கத்து டேக்குகளிலும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாசல், கேம் ஜாம்கள். குறித்த நேரத்துக்குள், கொடுத்த தலைப்பில் ஒரு கேம் செய்து காட்டும் போட்டிகள் இவை. 2002இல் தொடங்கிய லூடம் டேரின் மூலப் போட்டியில் தனி ஆளாக 48 மணி நேரம்தான், சோர்ஸ் கோடையும் கொடுத்தாக வேண்டும். இங்கே ஒரு தந்திரம் சொல்கிறேன்: ஜாமின் தலைப்பைப் பாருங்கள். ஜிஎம்டிகே ஜாமில் 2020இல் 'கட்டுப்பாட்டை மீறி' என்ற பொருளிலும், 2021இல் 'ஒன்றாக இணைந்து' என்ற பொருளிலும் தலைப்பு கொடுத்தார்கள். முதலாவதைக் கொடுத்தால் தள்ளாடும் வண்டி, வழுக்கும் தரை என்று யோசிக்கத் தோன்றும், இரண்டாவதைக் கொடுத்தால் கயிறு, சங்கிலி, ஒட்டிக்கொண்ட இரண்டு உடல்கள். இப்படிப்பட்ட தலைப்புள்ள ஜாம் பக்கங்களில் டேக் போடாத பிசிக்ஸ் கேம்களை மொத்தமாகப் பிடிக்கலாம்.

கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் முழு இலவச கேம்களும் டெமோக்களும் உண்டு, ஆண்டுக்குச் சில முறை 'நெக்ஸ்ட் ஃபெஸ்ட்' நடக்கும்போது டெமோக்கள் குவியும். அது போதும் அதைப் பற்றி.

ஆனால் எனக்கு அதிகம் பலன் தந்த வழி இது எதுவுமில்லை, ஆளைப் பிடிப்பதுதான்.

ஆளைப் பிடிப்பது என்றால்?

ஒரு கேம் பிடித்ததா, அதே மாதிரி கேமைத் தேடாமல் அதைச் செய்தவர் வேறு என்னவெல்லாம் செய்திருக்கிறார் என்று போய்ப் பாருங்கள். பிசிக்ஸ் கேம் செய்கிறவர்களுக்கு அது ஒரு பித்து, ஒன்றோடு நிறுத்த மாட்டார்கள், விற்கிற ஒவ்வொரு கேமுக்குப் பின்னாலும் தூக்கிப் போட்ட பத்து முன்மாதிரிகள் சும்மா கிடக்கும்.

ஃபின்லாந்தின் பெட்ரி புர்ஹோவை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு கேம், ஒவ்வொன்றும் ஏழு நாளுக்குள் என்று தனக்குத்தானே விதி வைத்துக்கொண்டு இலவசமாக வெளியிட்டுக்கொண்டிருந்தார். 2007இல் அப்படி வந்ததுதான் 'க்ரேயான் பிசிக்ஸ்': நீங்கள் க்ரேயானால் வரையும் கோடும் பெட்டியும் அப்படியே எடையுள்ள பொருளாகி விழும், அதை வைத்துப் பந்தை நட்சத்திரத்திடம் சேர்க்க வேண்டும். அதை விரிவாக்கிய 'க்ரேயான் பிசிக்ஸ் டீலக்ஸ்' 2008இல் இன்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் பெரிய பரிசை வாங்கியது. அது விற்பனைக்கு, முதல் வடிவம் இலவசம். பின்னால் அவர் இன்னும் இருவரோடு சேர்ந்து செய்ததுதான் திரையின் ஒவ்வொரு புள்ளியும் கணக்கிடப்படும் 'நொய்டா'. பணம் கொடுத்து வாங்கும் கேம் என்றாலும், அதன் வேர்கள் எல்லாம் இலவசத்தில்தான்.

கைல் கேப்ளர் கதையும் இதேதான். 2005இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவர் உட்பட நான்கு மாணவர்கள் 'எக்ஸ்பெரிமென்டல் கேம்ப்ளே ப்ராஜெக்ட்' என்று ஆரம்பித்தார்கள். ஒரு ஆள், ஒரு கேம், ஏழு நாள், 'ஈர்ப்பு விசை' போன்ற ஒரு தலைப்பு. ஒரே பருவத்தில் ஐம்பதுக்கும் மேல் கேம்கள். அதில் ஒன்று 'டவர் ஆஃப் கூ', உயிருள்ள பிசின் உருண்டைகளை ஒட்டி ஒட்டிக் கோபுரம் கட்டுவது. கட்டக் கட்ட ஆடும், ஆட ஆட நீங்கள் பதறி எதிர்ப்பக்கம் எடை சேர்ப்பீர்கள், அதனாலேயே சாயும். 2008இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் கூ' இதிலிருந்து வளர்ந்ததுதான்.

மாணவர் திட்டங்களில் இப்படிப் புதையல் நிறைய. டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005இல் செய்த 'நார்பாகுலர் டிராப்' இலவச கேம், சுவரில் ஓட்டை போட்டு வேறு சுவர் வழியாக வெளியே வருவது. அந்தக் குழுவை வால்வ் நிறுவனம் அப்படியே வேலைக்கு எடுத்துக்கொண்டது, 2007இல் 'போர்ட்டல்' வந்தது.

ஆளுக்கு அடுத்தபடி எஞ்சின் வழியாகவும் தேடலாம், அதாவது கேமுக்குள் கணக்குப் போடும் மென்பொருள் வழியாக. எரின் கேட்டோ எழுதிய 'பாக்ஸ்2டி' என்ற இலவச எஞ்சின்தான் இருபரிமாண பிசிக்ஸ் கேம்கள் பலவற்றுக்கு முதுகெலும்பு. 'ஆங்ரி பேர்ட்ஸ்' கூட அதில்தான் ஓடியது. ஒரு கேமின் பக்கத்தில் எந்த எஞ்சின் என்று போட்டிருந்தால் அந்தப் பெயரையும் 'இலவசம்' என்பதையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள், பட்டியல் கட்டுரைகள் எதிலும் வராத கேம்கள் கிடைக்கும்.

பேச்சை விடுங்கள், முதலில் எதை விளையாடுவது?

உங்கள் மனநிலையைப் பொறுத்தது.

சிரிக்க வேண்டும் என்றால் 'க்வாப்'. பென்னட் ஃபாடி 2008இல் செய்தது, அவருடைய தளத்திலேயே ப்ரவுசரில் ஓடும். ஒரு ஓட்டப்பந்தய வீரர், நான்கு விசைகள்: இரண்டு தொடைகளுக்கு, இரண்டு கெண்டைக்கால்களுக்கு. நூறு மீட்டர் ஓட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மீட்டருக்குள் தலைகுப்புற விழுவீர்கள், விழுந்துவிட்டு அது உங்கள் தப்பு என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான் மறுபடி அழுத்துவீர்கள். இதே குடும்பத்தில் 'சுமோடோரி டிரீம்ஸ்', 2007இல், சின்ன நிரலில் வித்தை காட்டுபவர்கள் கூடும் ஒரு விழாவில், 96 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற போட்டிக்காகச் செய்தது. இரண்டு பெட்டி மனிதர்கள் குடித்தவர்களைப் போல நின்று ஒருவரையொருவர் தள்ளுவார்கள், யாரும் தள்ளாமலேயே விழுவதும் உண்டு. நிமிர்ந்து நிற்க அந்த உடல்கள் படும் பாட்டைப் பார்த்தாலே போதும், ஜெயிப்பது தோற்பது எல்லாம் இரண்டாம்பட்சம்.

பொறுமையாக யோசிக்க விருப்பம் என்றால் 'டோரிபாஷ்'. 2006இல் வந்தது, பொம்மை உடல்களின் சண்டை, ஆனால் சதுரங்கம் போல முறை வைத்து ஆட வேண்டும். ஒவ்வொரு மூட்டையும் மடக்கு, நீட்டு, இறுக்கிப் பிடி, தளர விடு என்று தனித்தனியாகச் சொன்ன பிறகுதான் நேரம் கொஞ்சம் நகரும். முதல் சில ஆட்டங்களில் உங்கள் ஆளே தன் காலைத் தானே இடறி விழுவார். இதில் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடை உண்டு, ஆனால் அதைத் தொடாமலே ஆடலாம், மேலே சொன்ன விதிக்கு இது விலக்கு.

நேரம் போவது தெரியாமல் நோண்டிக்கொண்டிருக்க 'தி பவுடர் டாய்'. மணல், தண்ணீர், அமிலம், உலோகம், நெருப்பு என்று தூவத் தூவ அவை ஒன்றோடொன்று வினைபுரியும், வெப்பமும் காற்றழுத்தமும் கணக்கில் உண்டு, சோர்ஸ் கோடும் திறந்தே இருக்கிறது. இதில் சிலர் மின்சுற்று கட்டி முழுக் கணினியே செய்து வைத்திருக்கிறார்கள். டவுன்லோட் வேண்டாம் என்றால் மேக்ஸ் பிட்கர் செய்த 'சாண்ட்ஸ்பீல்' ப்ரவுசரிலேயே ஓடும், அது எளிமையானது, பார்க்க அழகானது. இந்த மணல் கேம்களுக்கெல்லாம் மூதாதை 2005 வாக்கில் ஜப்பானில் இருந்து பரவிய ஒரு சின்ன ஜாவா ஆப்லெட், அதாவது ப்ரவுசருக்குள் ஓடும் குட்டி நிரல்.

'லைன் ரைடர்' சொல்லாமல் விட முடியாது. ஸ்லோவேனியாவின் போஷ்டியான் சாடெஷ் 2006இல் செய்தது. கோடு வரைந்தால் அதன் மேல் ஒருவன் சறுக்குவான். இலக்கு கிடையாது, மதிப்பெண் கிடையாது. அதனாலேயே ஆட்கள் இசைக்கு ஏற்ற மாதிரி நிமிடக்கணக்கில் நீளும் பாதைகளை வரைந்து அதை ஒரு கலையாகவே ஆக்கிவிட்டார்கள். அதே கோட்டுக்கு அதே சறுக்கல் ஒவ்வொரு முறையும் பிசகாமல் வருவதால்தான் இது சாத்தியம்.

வண்டி நொறுங்குவதைப் பார்க்க ஆசை என்றால் 'ரிக்ஸ் ஆஃப் ராட்ஸ்', ஓப்பன் சோர்ஸ். இதில் லாரி என்பது ஒரே கட்டி இல்லை, எடையுள்ள புள்ளிகளும் அவற்றை இணைக்கும் சுருள்வில் போன்ற கம்பிகளும் சேர்ந்த வலை. மோதினால் கம்பிகள் வளையும், அளவுக்கு மீறினால் அறும், அதனால் சேதம் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி. இதில் உழைத்தவர்களில் சிலர்தான் பிறகு இதே மாதிரி வண்டி நொறுங்கும் 'பீம்என்ஜி' கேமைச் செய்தார்கள். தோற்றம் பழசு, மெனுக்கள் பொறுமையைச் சோதிக்கும், இருந்தாலும் பரவாயில்லை.

அமைதியாக ஒரு பந்தை உருட்ட 'நெவர்பால்'. பந்தை இல்லை, தரையைச் சாய்க்க வேண்டும். பைக் ஓட்டிப் புதிர் போட 'எக்ஸ்மோட்டோ'. குதித்துக் குதித்துச் சாக மெட்டாநெட் குழுவின் 'என்' (N என்ற ஒற்றை ஆங்கில எழுத்துதான் பெயர்).

இயற்பியல் படிக்க உதவுமா?

சிலது உதவும், பலது உதவாது. கேமுக்கான பிசிக்ஸ் என்பது நம்பும்படி இருந்தால் போதும் என்ற அளவில் செய்தது. பல கேம்களில் ஈர்ப்பு விசையை நிஜத்தைவிடக் கூட்டி வைத்திருப்பார்கள், நிஜ அளவில் வைத்தால் குதிப்பது மந்தமாகத் தெரியும் என்பதால். அதனால் கேமில் பார்த்ததை வைத்து வீட்டுப்பாடம் எழுத வேண்டாம்.

உதவுபவற்றில் முதலில் சொல்ல வேண்டியது 'அல்கோடூ'. ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் எமில் எர்னர்ஃபெல்ட் தன் முதுநிலை ஆய்வுக்காகச் செய்த 'ஃபன்' என்ற மென்பொருள் 2008இல் பரவியது, அதுதான் வளர்ந்து அல்கோடூ ஆனது. முதலில் விற்றார்கள், பிறகு கணினிக்கு இலவசமாக்கிவிட்டார்கள். வரையும் பொருளின் உராய்வு, அடர்த்தி, துள்ளல் எல்லாவற்றையும் மாற்றலாம், தண்ணீர் ஊற்றலாம், ஒளிக்கதிரை வளைக்கலாம், வேகத்துக்கு வரைபடம் போட்டுப் பார்க்கலாம். சாய்தளத்தில் ஒரு பெட்டி எந்தக் கோணத்தில் வழுக்க ஆரம்பிக்கிறது என்பதை நீங்களே சாய்த்துப் பார்த்தால் சூத்திரம் தானாகப் புரியும்.

விண்வெளிக்கு 'ஆர்பிட்டர்'. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இருந்த மார்ட்டின் ஷ்வைகர் 2000இல் வெளியிட்டது, 2021இல் சோர்ஸ் கோடும் திறந்தது. இது கேம் என்பதைவிடக் கிட்டத்தட்ட ஒரு பயிற்சி. முன்னால் போகும் நிலையத்தைப் பிடிக்க வேண்டுமா, வேகத்தைக் குறைக்க வேண்டும்: குறைத்தால் சுற்றுப்பாதை தாழும், தாழ்ந்தால் ஒரு சுற்று சீக்கிரம் முடியும். இதைப் படித்துப் புரிந்துகொள்வது ஒன்று, கையால் செய்து நாலு முறை தவறவிட்டுப் புரிந்துகொள்வது வேறு.

எம்ஐடி கேம் லேப் 2012இல் வெளியிட்ட 'எ ஸ்லோயர் ஸ்பீட் ஆஃப் லைட்' இன்னும் விசித்திரம். கேமில் நூறு உருண்டைகளைப் பொறுக்க வேண்டும், ஒவ்வொன்றை எடுக்கும்போதும் ஒளியின் வேகம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் நீங்கள் நடக்கிற வேகமே ஒளிவேகத்தை நெருங்கிவிடும், அப்போது நிறங்கள் மாறும், எதிரே இருப்பது பிரகாசமாகும், உலகமே வளையும். சார்பியல் பற்றி எவ்வளவு வாசித்திருந்தாலும் அரை மணி நேரத்தில் இது காட்டுவதைப் புத்தகம் காட்டாது.

நான் விரும்பிய பழைய ஃப்ளாஷ் பிசிக்ஸ் கேம்கள் எல்லாம் போய்விட்டனவா?

முழுதாகப் போகவில்லை. ப்ரவுசரில் கேம் ஓட்ட ஒரு காலத்தில் எல்லாரும் வைத்திருந்த மென்பொருள் ஃப்ளாஷ், 2020 டிசம்பர் 31 அன்று அதற்கான ஆதரவை அடோபி நிறுவனம் நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் ப்ளேயரே கேம்களை ஓட்ட மறுத்தது. அதனால் பழைய தளங்களில் வெறும் சாம்பல் பெட்டிதான் தெரியும். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 'ரஃபிள்' என்ற எமுலேட்டர், ஃப்ளாஷ் மாதிரியே நடித்துப் பழைய கேமை ஓட்டுவது, ப்ரவுசரிலேயே ஓடும், இன்டர்நெட் ஆர்கைவ் தன் சேகரிப்பிலுள்ள ஃப்ளாஷ் கேம்களை அதை வைத்துத்தான் ஓட்டுகிறது. இன்னொன்று 2018இல் தொடங்கிய 'ஃப்ளாஷ்பாயிண்ட்', அழிந்துபோன வலை கேம்களைச் சேர்த்து வைக்கும் பெரும் காப்பகம். முழுச் சேகரிப்பையும் இறக்க முயலாதீர்கள், கேட்கும் கேமை மட்டும் இறக்கித் தரும் வகையை எடுங்கள்.

பிசிக்ஸ் கேம்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். கனமான பிசிக்ஸ் உள்ளவை பெரும்பாலும் ஃப்ளாஷின் பிந்தைய மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3இல் எழுதியவை, ரஃபிள் பழைய மொழியை நன்றாகவும் இதைக் கொஞ்சம் தடுமாறியும்தான் ஓட்டும். கொலின் நார்த்வே 2008இல் செய்த 'ஃபென்டாஸ்டிக் கான்ட்ராப்ஷன்' மாதிரி கேம்களைத் தேடினால் முதலில் ஃப்ளாஷ்பாயிண்டில் பாருங்கள்.

டவுன்லோட் செய்தால் விண்டோஸ் எச்சரிக்கை காட்டுகிறதே, வைரஸா?

அந்த நீலப் பெட்டி வருவதற்குப் பெரும்பாலும் காரணம், கேமைச் செய்தவர் காசு கொடுத்து டிஜிட்டல் கையெழுத்து வாங்கவில்லை என்பதுதான். தனி ஆளாக இலவச கேம் செய்பவர் அதற்கெல்லாம் செலவழிக்க மாட்டார். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு 'ஓட்டு' என்று அழுத்தவும் கூடாது. செய்தவரின் சொந்தப் பக்கத்தில் இருந்து மட்டும் எடுங்கள், அவர் பெயர் ஏற்கெனவே தெரிந்ததா, கருத்துப் பகுதியில் ஆட்கள் விளையாடிவிட்டுப் பேசியிருக்கிறார்களா என்று பாருங்கள், சந்தேகம் இருந்தால் கோப்பைப் பல வைரஸ் ஸ்கேனர்களால் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். அறுபது எழுபது ஸ்கேனர்களில் ஒன்றிரண்டு மட்டும் பெயர் தெரியாத ஏதோ ஒன்று என்று சொன்னால் பெரும்பாலும் பொய் எச்சரிக்கை, பத்து பேர் ஒரே பெயரைச் சொன்னால் அழித்துவிடுங்கள். யாரென்றே தெரியாத தளம் 'டவுன்லோடர்' என்று தனி மென்பொருள் ஒன்றை நிறுவச் சொன்னால், அங்கேயே மூடிவிடலாம். இட்ச்.ஐஓவின் சொந்த செயலியில் கேமைத் தனிக் கூண்டுக்குள் ஓட்டும் வசதியும் இருக்கிறது.

என் கணினி பழசு. ஓடுமா?

கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டாலும் இருபரிமாண கேம்கள் பெரும்பாலும் ஓடும். மோதல் கணக்கைச் செய்வது பொதுவாக ப்ராசஸர்தான், அதனால் திணறினால் படத்தின் தரத்தைக் குறைத்துப் பயனில்லை, திரையில் உள்ள பொருள்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ஆயிரம் பெட்டிகளை அடுக்கிவிட்டு ஏன் நகரவில்லை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

சில கேம்களில் பொருள்கள் தானே நடுங்குகின்றன, சுவரை ஊடுருவிப் போகின்றன. இதெல்லாம் ஓட்டைதானே?

ஓட்டைதான், ஆனால் ஏன் வருகிறது என்று தெரிந்தால் கோபம் குறையும். கணினி நேரத்தைத் துண்டு துண்டாகத்தான் பார்க்கும். நொடிக்கு 60 துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், பந்து நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால் ஒவ்வொரு துண்டிலும் அது ஒரு மீட்டர் தாவும். சுவரின் தடிமன் 20 சென்டிமீட்டர் என்றால், முந்தைய துண்டில் சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்த துண்டில் அந்தப் பக்கம், நடுவில் மோதல் நடந்ததே கணினிக்குத் தெரியாது. இதைத் தடுக்க, கடந்துவந்த பாதை முழுவதையும் சோதிக்கும் முறை உண்டு, ஆனால் அதற்குக் கணக்கு அதிகம் என்பதால் வேகமான பொருள்களுக்கு மட்டும் போடுவார்கள். மேலே சொன்ன ரிக்ஸ் ஆஃப் ராட்ஸ் நொடிக்கு 2000 முறை கணக்குப் போடுவதும் இந்தத் துண்டுகளின் இன்னொரு சிக்கலால்தான், விறைப்பான கம்பிகளை அதைவிடக் குறைந்த வேகத்தில் கணக்கிட்டால் லாரி நின்ற இடத்திலேயே வெடித்துச் சிதறும்.

அடுக்கி வைத்த பெட்டிகள் நடுங்குவதற்குக் காரணம் வேறு. ஒரு மோதலைத் தீர்த்தால் பக்கத்து மோதல் கெடும், அதைச் சரிசெய்தால் இது கெடும், இப்படிச் சில சுற்று போய்விட்டு 'போதும்' என்று எஞ்சின் விட்டுவிடும். மிஞ்சிய சின்னப் பிழைதான் நடுக்கம். கனமான பெட்டியை லேசான பெட்டியின் மேல் வைத்துப் பாருங்கள், இன்னும் மோசமாகும்.

என் கருத்தைக் கேட்டால், எல்லா ஓட்டையையும் அடைத்த பிசிக்ஸ் கேம் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். செய்தவரே நினைக்காத ஒரு வழியில் ஒரு கட்டத்தைத் தாண்டுவதுதான் இந்த வகையின் முக்கியமான சுகம், அதில் பாதி இந்த ஓட்டைகள் வழியாகத்தான் வருகிறது. க்ரேயான் பிசிக்ஸில் பாலம் போட வேண்டிய இடத்தில் ஒரு பெரிய பாறையை வரைந்து பந்தை அடித்துத் தள்ளினாலும் நட்சத்திரம் நட்சத்திரம்தான்.

ஒரு கேம் தேறுமா தேறாதா என்று சீக்கிரம் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பத்து நிமிடம் கொடுங்கள். தோற்றபோது 'இப்படிச் செய்து பார்த்திருக்கலாமே' என்று அடுத்த யோசனை உடனே வருகிறதா என்று கவனியுங்கள், வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அதே செயலைத் திரும்பச் செய்து, வேறு முடிவுக்காக அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். மறுபடி தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் முக்கியம். ஒரு விசையைத் தட்டியவுடன் ஆரம்பிக்காத பிசிக்ஸ் கேமை நான் அதிக நேரம் வைத்திருப்பதில்லை, ஏனென்றால் இங்கே தோற்பதுதான் வேலையே.

ஏன் இதையெல்லாம் சும்மா கொடுக்கிறார்கள்?

ஒரு யோசனை வேலை செய்கிறதா என்று பார்க்க, பெயர் வாங்க, ஜாம் விதி அப்படி என்பதால், படிப்புக்காக, விற்கிற கேமுக்கு ஆள் சேர்க்க, சிலர் வெறுமனே கொடுக்கப் பிடிக்கும் என்பதால். அதனால் முடிக்காமல் விட்ட கேம்கள் நிறைய வரும், மூன்று கட்டத்தோடு நின்றுவிடும், அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடித்திருந்தால் கேம் பக்கத்தில் ஒரு கருத்து போடுங்கள், எந்த இடத்தில் சிக்கினீர்கள் என்று எழுதினால் இன்னும் நல்லது. நன்கொடைப் பெட்டி இருந்து, முடியும் என்றால், அதிலும் கொஞ்சம்.

நானே ஒன்று செய்து பார்க்கலாமா?

தாராளமாக. கேம் செய்ய உதவும் கோடோ (Godot) எஞ்சின் இலவசம், ஓப்பன் சோர்ஸ், பிசிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ஒரு தரை, ஒரு பந்து, ஒரு மூட்டு, அதைத் தாண்டி ஆரம்பத்தில் எதுவும் வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசை என்றால் பாக்ஸ்2டியின் கோடையும், கூடவே வரும் மாதிரிக் காட்சிகளையும் திறந்து பாருங்கள். பத்துப் பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக நடுங்காமல் நிற்க வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அங்கே தெரியும்.

ஃபோனில்?

பவுடர் டாய்க்கு ஆண்ட்ராய்டு வடிவம் உண்டு, சாண்ட்ஸ்பீல் ஃபோன் ப்ரவுசரிலேயே விரலால் ஓடும். மற்றபடி ஃபோன் கடைகளில் 'பிசிக்ஸ்' என்று தேடினால் கட்டத்துக்குக் கட்டம் விளம்பரம்தான். கணினியிலேயே ஆடுங்கள்.